சோளகத்தோடு வரும் சிறு பறவை

தென்மேல் பருவக்காற்று வலுக்கும் வேளையில், மேற்குக் கரையோர மீனவர்கள் அவதானமாயிருக்க வேண்டுமென்று வளிமண்டலவியல் திணைக்களம் விடுக்கும் எச்சரிக்கையைச் செய்திப் பக்கத்தில் எத்தனை முறை இட்டிருப்பேனோ, கணக்கில்லை. நாம் கடலுக்கு முதுகு காட்டும் அந்த மாதங்களில்தான் அந்தாட்டிக்காப் பக்கமிருந்து ஒரு சின்னஞ்சிறு பறவை நமது கடலுக்கு வருகிறது. வெள்ளவத்தையில் ரயில் பாதையோரம் நின்று பார்ப்பவருக்கு அது அநேகமாகத் தென்படாது. கரைக்கு எட்டவே பறப்பது அதன் வழக்கம். கொலன்னாவையில் குடியிருக்கும் எனக்குக் கடலே தெரியாது என்பது வேறு விடயம்.

ஆங்கிலத்தில் இது வில்சன்ஸ் ஸ்ரோம் பெற்றல். ஊர் வழக்கில் பெயரொன்றும் நான் கேட்டதில்லை. புயற்பறவை என்று வைத்துக்கொள்வோம். ஊர்க்குருவியைவிடச் சற்றே பெரிய உடல், நிறை ஏறத்தாழ 40 கிராம். கரும்பழுப்பு மேனி, வாலடியில் வெள்ளைப் பட்டை, கால்விரல்களுக்கிடையே மஞ்சள் சவ்வு. இரை தேடும்போது சிறகை விரித்து, கால்கள் நீரைத் தொட்டுத் தொட்டுச் செல்ல, அலைமேல் நடப்பது போலிருக்கும். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க முதியவர்கள் இராயப்பர் என்று சொல்லும் புனித பேதுரு நீர்மேல் நடந்த கதையிலிருந்தே ‘பெற்றல்’ என்ற பெயர் வந்ததென்பர்.

வில்சன் என்ற பெயரின் கதை அதைவிட விசித்திரமானது. கப்டன் குக்கின் முதற் பயணத்தில் சென்ற ஓவியர் சிட்னி பார்கின்சன் இப்பறவையை வரைந்தார். ஊர் திரும்புமுன்னரே, 1771 ஜனவரியில், இந்து சமுத்திரத்தில் கப்பலிலேயே நோயுற்று இறந்தார். 1820இல் ஹைன்ரிச் கூல் என்ற ஜெர்மானிய இளைஞர் அந்தச் சித்திரத்தை வைத்தே விஞ்ஞானப் பெயரிட்டார். மறுவருடம் ஜாவாவில் அவரும் மறைந்தார், வயது 23. அலெக்சாண்டர் வில்சனோ ஸ்கொட்லாந்தில் நெசவாளராயிருந்து அமெரிக்கா சென்று, அந்நாட்டுப் பறவைகளைப் பற்றிப் பெருநூல் எழுதியவர். இதை ஐரோப்பிய இனமென்றே அவர் கருதினார். அது வேறினமென்று எடுத்துக்காட்டிய சார்ள்ஸ் லூசியன் பொனபார்ட், நெப்போலியனின் தம்பி மகன், பிழையாக இனங்கண்டவரின் பெயரையே அதற்குச் சூட்டினார்! வரைந்தவரின் பெயர் இந்தப் பறவையில் எங்குமில்லை.

அந்தாட்டிக்காவிலும் சூழவுள்ள தீவுகளிலும் பாறையிடுக்குகளில் கூடு, ஒரேயொரு முட்டை. ஸ்குவா என்னும் கொள்ளைப் பறவைக்குப் பயந்து இருட்டியபின்பே கூட்டுக்கு வரும். பனி கொட்டி வாசலை மூடிவிட்டால் குஞ்சு உள்ளேயே பட்டினியால் மடிவதுமுண்டு. தெற்கே குளிர்காலம் நெருங்கும்போது, பூமத்திய ரேகையைத் தாண்டி அரபிக்கடல் வரை வருகிறது. மோப்பசக்தி மிகுந்தது. நீர்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் சிற்றிறால்களையும் கொத்தித் தின்னும்.

மிதப்பதைக் கொத்தும் இப்பழக்கம்தான் இன்று ஆபத்து. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியபோது அதில் சுமார் 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் இருந்தன. மேற்குக் கரை நெடுக அவை வெண்மணலாய் ஒதுங்கியதை நாமெல்லோரும் கண்டோம். புயற்பறவைகள் வடக்கே வந்துசேரும் பருவமும் அதுவே. உலகின் வேறு கடல்களில் இறந்த இவ்வினப் பறவைகளின் வயிற்றைக் கீறிப் பார்த்தவர்கள், உள்ளே அத்தகைய மணிகளையே கண்டிருக்கிறார்கள்.