முதல் ஏடும் மறுவிசாரணையும்: வாளையாறு, நெடுங்கண்டம், சாத்தான்குளம்

ஐயத்துக்குரிய மரணம் ஒன்றைப் பற்றிப் பிற்காலத்தில் எத்தனை அமைப்புகள் விசாரித்தாலும், அவை அனைத்தும் முதலில் எழுதப்பட்ட சில தாள்களையே மீண்டும் மீண்டும் வாசிக்க வேண்டியிருக்கிறது. பிரேத விசாரணை அறிக்கை, நிகழிட மகஜர், உடற்கூறாய்வுச் சான்று ஆகியவை அந்தத் தாள்கள். சுதந்திரமான மறுவிசாரணை வேண்டும் என்ற கோரிக்கையின் வலிமையும் வரம்பும் இங்கேதான் தொடங்குகின்றன. தமிழ்நாட்டை ஒட்டிய கேரள மாவட்டங்களான பாலக்காட்டிலும் இடுக்கியிலும் நிகழ்ந்த இரு வழக்குகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

சிக்கலின் வேர் காலனியச் சட்டத்தில் உள்ளது. 1871ஆம் ஆண்டின் கரோனர் சட்டம் மாகாணத் தலைநகரங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அங்கே மரணக் காரணத்தை ஆராயக் காவல்துறைக்குப் புறம்பான ஓர் அதிகாரி இருந்தார். ஏனைய பகுதிகளில் காவல்துறை நடத்தும் பிரேத விசாரணையே வழக்கமாயிற்று. 1973ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவும் இந்த முறையையே தொடர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவிலும் அடிப்படை மாறவில்லை. காவலில் நிகழும் மரணத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 176(1அ) பிரிவு, அத்தகைய மரணத்தை நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும் என்றது. காவலுக்கு வெளியே நிகழும் மரணங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

வாளையாறு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. 2017 ஜனவரி 13 அன்று அட்டப்பள்ளத்தில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி தன் வீட்டில் தூக்கில் தொங்கிய நிலையில் காணப்பட்டாள். அவள் பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருந்ததை உடற்கூறாய்வு சுட்டியது. எனினும் அந்தக் கோணத்தில் விசாரணை முன்னேறவில்லை. சரியாக ஐம்பதாம் நாள், மார்ச் 4 அன்று, அவளுடைய 9 வயதுத் தங்கையும் அதே வீட்டில் அதே நிலையில் இறந்து கிடந்தாள். குற்றம் சாட்டப்பட்டோரைப் பாலக்காடு போக்சோ நீதிமன்றம் 2019இல் விடுவித்தது. 2021 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்துசெய்து மறுவிசாரணைக்கு வழிவிட்டது. வழக்கு சிபிஐயிடம் சென்றது.

அதன் பிறகு நடந்தவை எளிய தீர்வு எதையும் தரவில்லை. இரண்டும் தற்கொலைகளே என்று சிபிஐ 2021 டிசம்பரில் இறுதி அறிக்கை அளித்தது. 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்து மேல்விசாரணைக்கு ஆணையிட்டது. நீதி கேட்டுப் போராடிய பெற்றோரையே குற்றம் சாட்டப்பட்டோராகச் சேர்த்து 2025 ஜனவரியில் சிபிஐ அறிக்கை அளித்தது. விசாரிக்கும் அமைப்பு மாறியது. ஆனால் முதல் மரணத்தின்போது திரட்டாமல் விட்ட சான்றுகளைப் புதிய அமைப்பாலும் உருவாக்க முடியவில்லை.

இடுக்கி வழக்கில் மறுஆய்வு ஓரளவு பலன் தந்தது. நிதி மோசடிப் புகார் ஒன்றில் 2019 ஜூன் 12 அன்று நெடுங்கண்டம் காவல்துறையினர் ராஜ்குமார் என்பவரைப் பிடித்துச் சென்றனர். அவருடைய கைது ஏட்டில் பதிவானதோ ஜூன் 15 அன்று. இடைப்பட்ட நாள்கள் ஏட்டில் இல்லை. ஜூன் 21 அன்று, பீர்மேடு கிளைச் சிறையின் காவலில் இருந்த நிலையில் அவர் இறந்தார். மரணத்துக்குக் காரணம் நிமோனியா என்றது முதல் உடற்கூறாய்வு. நீதியரசர் கே. நாராயணக் குறுப்பு ஆணையம் அந்த ஆய்வின் குறைகளைச் சுட்டி, வாகமண்ணில் புதைக்கப்பட்டிருந்த உடலை ஜூலை 29 அன்று தோண்டியெடுக்கச் செய்தது. முதல் அறிக்கையில் இடம்பெறாத காயங்கள் இரண்டாம் ஆய்வில் வெளிப்பட்டன. ராஜ்குமார் காவல் சித்திரவதையால் இறந்தார் என்பது ஆணையத்தின் முடிவு. 2020இல் வழக்கு சிபிஐயின் கைக்கு வந்தது. உடல் எரிக்கப்பட்டிருந்தால் இந்த மறுஆய்வு நடந்திருக்க வழியில்லை.

மறுவிசாரணை என்னும் சொல்லையும் நுட்பமாகப் பிரித்தறிய வேண்டும். வினய் தியாகி வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ‘மேல்விசாரணை’யையும் ‘புதிய விசாரணை’யையும் வேறுபடுத்திக் காட்டியது. முன்னது பழைய சான்றுகளின் தொடர்ச்சி. பின்னது தொடக்கத்திலிருந்து நடத்தப்படுவது. உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ மட்டுமே அதற்கு ஆணையிடலாம். மாநில அரசின் இசைவு இல்லாமலும் இந்நீதிமன்றங்கள் வழக்கை சிபிஐயிடம் ஒப்படைக்கலாம் என்பது 2010ஆம் ஆண்டில் உறுதியாயிற்று. ஆயினும் சட்டம் ‘புதிய’ என்று பெயரிடுவதால் அழிந்த தடயம் புதிதாகப் பிறந்துவிடாது.

காலம் கடந்தும் உண்மை வெளிவருவதுண்டு. 1970 பிப்ரவரியில் வயநாட்டுத் திருநெல்லியில் நக்சலைட் வர்கீஸ் மோதலில் கொல்லப்பட்டதாகக் காவல்துறை கூறியது. மேலதிகாரியின் கட்டளைப்படி தானே சுட்டதாகக் காவலர் ராமச்சந்திரன் நாயர் 1998இல் வெளிப்படுத்தினார். முன்னாள் காவல் உயர் அதிகாரி கே. லட்சுமணாவுக்கு 2010இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து வந்த அந்த நீதிக்கு அடிப்படை ஒரு தனிமனிதரின் மனச்சான்று. நிறுவன ஏற்பாடு எதுவும் அதற்குத் துணைநிற்கவில்லை.

இதற்கு நேர்மாறானது சாத்தான்குளம். 2020 ஜூனில் தந்தையும் மகனும் இறந்த சில நாள்களிலேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமாக முன்வந்து வழக்கைக் கையிலெடுத்தது. நீதித்துறை நடுவர் நேரில் சென்று விசாரித்தார். காவல் நிலையம் வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. பெண் தலைமைக் காவலர் ஒருவரின் வாக்குமூலமும் அப்போதே பதிவாயிற்று. சிபிஐ பின்னர் பொறுப்பேற்றபோது வாசிக்கத்தக்க ஏடுகள் அதன் கைக்குக் கிடைத்தன.

விசாரணையை யார் நடத்துகிறார்கள் என்பதைப் போலவே, எப்போது அது கைமாறுகிறது என்பதும் முக்கியம். 2016இல் திருத்தப்பட்ட ஐ.நா.வின் மினசோட்டா நெறிமுறை, மரண விசாரணை உடனடியாகவும் சுதந்திரமாகவும் நடக்க வேண்டும் என்று இரண்டையும் இணைத்தே கூறுகிறது. காவலில் நிகழும் மரணத்துக்கு வழங்கப்பட்ட நீதித்துறைப் பாதுகாப்பைச் சிறார்களின் ஐயத்துக்குரிய மரணங்களுக்கேனும் விரிவாக்குவது சட்டம் இயற்றுவோரின் கடமை. வாளையாற்றில் அந்தப் பாதுகாப்பு தேவைப்பட்ட நாள் 2017 ஜனவரி 13. சிபிஐ வந்தபோது நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. இரண்டாவது சிறுமியும் உயிரோடில்லை.