சத்தம் போடாதீங்க!

சதுரங்கப் போட்டிகளில் நடுவராக உட்காரும் எனக்கு, “சார், பின்னாடி பேசுறாங்க” என்று கை தூக்கும் பையன்கள் மேல் கோபம் வருவதில்லை. அமெரிக்க வீரர் பாபி ஃபிஷர் படுத்தாத பாடா?

1972 ஜூலை, ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் உலகப் பட்டப் போட்டி. எதிரே நடப்புச் சாம்பியன், சோவியத் வீரர் போரிஸ் ஸ்பாஸ்கி. முதல் ஆட்டத்தில் தோற்ற ஃபிஷர், படம் பிடிக்கும் கேமராக்கள் தொந்தரவு செய்கின்றன, அவற்றை அகற்றினால்தான் வருவேன் என்று அடம்பிடித்தார். இரண்டாவது ஆட்டத்துக்கு ஆளே வரவில்லை. கடிகாரம் பாட்டுக்கு ஓடியது. ஒரு மணி நேரம் கழிந்ததும் புள்ளி ஸ்பாஸ்கிக்குப் போனது. மூன்றாவது ஆட்டம் மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில், பார்வையாளர் இல்லாமல் நடந்தது. ஸ்பாஸ்கி பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார். என் கணக்கில் அங்கேதான் பட்டத்தைக் கோட்டைவிட்டார். ஃபிஷர் முதல்முறையாக அவரை வென்றது அந்த அறையில்தான். கடைசியில் 12½–8½ என்று பட்டம் ஃபிஷருக்கு.

அவருக்கு முந்தைய தலைமுறை சோவியத் உலக சாம்பியன் போட்வின்னிக் வேறு ரகம். புகையே ஆகாதவர், பயிற்சி ஆட்டங்களில் நண்பர் ரகோசினைத் தன் முகத்தில் சிகரெட் புகை ஊதச் சொன்னார். ரேடியோவையும் அலறவிட்டுப் பழகினார்.

பிறகு செல்போன் வந்தது. 2003இல் பல்கேரியாவில் உக்ரைன் வீரர் பொனோமரியோவின் போன் ஆட்டத்தின் நடுவே மணியடித்தது. உலக சாம்பியன் பட்டம் வென்றவர்தான். ஆனாலும் ஆட்டம் போனது.

பெற்றோர்களே, போனை அணைத்துவிட்டு, பேச்சை வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.