1935ஏ கைத்துப்பாக்கி

1935ஏ என்பது பிரெஞ்சுப் படைக்காக வடிவமைக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது ஜெர்மானியரின் தேவைக்கும் செய்யப்பட்ட தானியங்கிக் கைத்துப்பாக்கியாகும். இதை வடிவமைத்த சார்ல் பெத்தெர் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். நெசவு இயந்திரங்களும் ரயில் எஞ்சின்களும் செய்துவந்த எஸ்.ஏ.சி.எம். நிறுவனம், சிவப்புக் கைக்குட்டைக்குப் பெயர்பெற்ற ஷொலே நகரிலிருந்த தன் ஆலையில் இதனைத் தயாரித்தது.

இதில் இடப்படும் 7.65 லாங் எனும் தோட்டா, 1918-இல் அமெரிக்கர் ஜான் பெடர்சன் தம் ரகசியத் துப்பாக்கிக் கருவிக்காக உருவாக்கிய தோட்டாவை அளவில் பெரிதும் ஒத்திருப்பதால் அதன் வழிவந்ததாகவே கருதப்படுகிறது; அது பிரான்சை அடைந்த விதம் பற்றி ஒருமித்த கருத்தில்லை. குழலை மேல்மூடியோடு பூட்டிவைத்துச் சுட்டபின் விடுவிக்கும் ஏற்பாடு பிரௌனிங்கின் பழைய முறையே. சுத்தியலும் அதன் வில்லும் அவற்றைச் சார்ந்த சிறு உறுப்புகளும் ஒரே தொகுதியாக அமைந்து, கருவி எதுவுமின்றி வெறுங்கையால் வெளியே எடுக்கும்படி இருப்பது பெத்தெரின் தனிப் பங்களிப்பாகும். உள்ளங்கைக்கு இணங்க வளைந்த பிடியும் சூளையில் சுட்டேற்றிய கறுப்புப் பூச்சும், படைக்கலத்துக்கு வேண்டியதைவிடச் சற்று மிகுந்த நேர்த்தியை இதற்குத் தந்தன.

1935-இல் ஏற்கப்பட்டும் உற்பத்தி மெதுவாகவே நகர்ந்தது. 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தபோது படைக்கு வழங்கப்பட்டிருந்தவை சுமார் 10,700 என்பர்.

ஆலையைக் கைப்பற்றிய ஜெர்மானியர் அங்கிருந்த உதிரிகளையும் இயந்திரங்களையும் கொண்டே உற்பத்தியைத் தொடரச்செய்து, இதற்கு ‘பிஸ்டோலெ 625 (எஃப்)’ எனப் பெயரிட்டனர்; அடைப்பிலுள்ள எழுத்து ‘பிரெஞ்சு’ என்பதன் குறுக்கமாகும். அவர்களுக்காகச் செய்யப்பட்டவை சுமார் 23,850 எனப் பொதுவாகக் குறிக்கப்படுகிறது. அவ்வாறெனில், பிரெஞ்சுப் படை போருக்கு முன் பெற்றதைப்போல் இருமடங்குக்கும் மேலாகப் பகைவர் பெற்றனர். வடிவத்தில் மாற்றமில்லாததாலும் பிரெஞ்சு எழுத்துப் பொறிப்பு நீடித்ததாலும், கழுகு உருவுடன் கூடிய ஜெர்மன் படைக்கலத் துறையின் மிகச்சிறிய ஆய்வு முத்திரையே இவற்றை இனங்காட்டுகிறது. ஓர் அரிசியளவுகூட இராத அம்முத்திரைக்காகவே சேகரிப்பாளர் இன்று கூடுதல் விலை தருகின்றனர்.

1944-இல் ஷொலே விடுபட்டபின் உற்பத்தி மீண்டும் பிரெஞ்சுப் படைக்காக நடந்து 1950 வரை நீடித்தது. எளிதில் செய்வதற்கென அரசு ஆலைகள் உருவாக்கிய 1935எஸ் அதே தோட்டாவைச் சுட்டாலும், இரண்டின் தோட்டாக்கூடுகளும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் இரண்டும் பயன்பட்டன. 9 மி.மீ. தோட்டாவைச் சுடும் 1950ஆம் ஆண்டுக் கைத்துப்பாக்கி பின்னர் இவற்றின் இடத்தைப் பிடித்தது.

பெத்தெரின் காப்புரிமையைப் போருக்கு முன்பே உரிமத்தின்பேரில் பெற்ற சுவிட்சர்லாந்தின் சிக் நிறுவனம் அதனை மேம்படுத்திச் செய்த துப்பாக்கியை, 1949-இல் அந்நாட்டுப் படை ஏற்றது. பி210 என அறியப்படும் அதிலும் சுத்தியல் தொகுதி முழுதாகவே கையோடு வெளிவருகிறது.