எனக்கு 'ஆயிரத்தில் ஒருவன்' பிடிக்காது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது 1965இல் வந்த எம்.ஜி.ஆர். படத்தைப் பற்றி அல்ல. 2010 பொங்கலுக்கு வந்த செல்வராகவன் படத்தைப் பற்றி. வந்த புதிதில் பலர் திட்டிய படம். அப்புறம் டிவியில் பார்த்துப் பார்த்தே கொண்டாட ஆரம்பித்துவிட்டார்கள். 2021 டிசம்பர் 31 அன்று தியேட்டர்களில் மறுபடி வெளியானபோது எங்கள் ஹாஸ்டல் கூட்டம் மொத்தமாகக் கிளம்பியது. நானும் போனேன். திரும்பும்போது பஸ்ஸில் "எனக்குப் பிடிக்கலடா" என்றேன். அன்றிலிருந்து எனக்குப் பட்டப்பெயர் 'பாண்டிய நாட்டு ஒற்றன்' :)

ஆகவே ஒற்றன் தரப்பு வாதத்தையும் கொஞ்சம் கேளுங்கள். (படம் பார்க்காதவர்களுக்கு: கதை வெளியே வந்துவிடும், எச்சரிக்கை!)

படத்தில் எதுவுமே சரியில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்திபனின் நடிப்பு, ஜி.வி.பிரகாஷின் இசை, இப்படி ஒரு கதையை எடுக்கத் துணிந்த தைரியம், எல்லாவற்றுக்கும் ஒரு சலாம். 2009 மே மாதம் ஈழத்தில் நடந்த கொடுமையைக் கடைசிக் காட்சிகளில் கண்டு கலங்கியவர்கள் பலர். அந்தக் கண்ணீரை நான் குறை சொல்லவில்லை.

என் சண்டை கதையின் அஸ்திவாரத்தோடு. 1279இல் பாண்டியர் படைக்குத் தப்பி, சோழ இளவரசன் மக்களோடு ஒரு ரகசிய இடத்துக்கு அனுப்பப்படுகிறான். கூடவே பாண்டியரின் குலதெய்வச் சிலையும் போகிறது. எழுநூறு வருடம் கழித்தும் பாண்டிய வாரிசுகள் பழிவாங்கத் தேடி வருகிறார்கள். அதாவது பகை ரத்தத்திலேயே ஊறி, தலைமுறை தலைமுறையாக இறங்கி வருமாம்.

சரித்திரத்தில் நடந்தது என்ன?

1279 என்பது பெரிய படுகொலை நடந்த வருடம் அல்ல. கடைசிச் சோழ அரசனான மூன்றாம் ராஜேந்திரனின் பெயர் கல்வெட்டுகளில் அந்த வருடத்தோடு நின்றுபோகிறது, அவ்வளவுதான். சோழர்கள் ஒரே நாளில் விழவில்லை. அறுபது வருடத்துக்கும் மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தார்கள்.

யாருக்கு யார் எதிரி என்பதும் அவ்வளவு சுலபமான விஷயம் இல்லை. பாண்டியர்கள் தங்களுக்குள் அரியணைக்கு அடித்துக்கொண்டபோது, மூன்றாம் குலோத்துங்கச் சோழன் விக்கிரம பாண்டியன் பக்கம் நின்று அவனை மதுரையில் அமர்த்தினான். பிறகு அதே குலோத்துங்கனே 1205 வாக்கில் மதுரைமேல் படையெடுத்து, பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்தான். 1216இல் பட்டத்துக்கு வந்த முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன் பதிலுக்குத் தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். ஆனால் போசளர் தலையிட்டதும் சோழ நாட்டைச் சோழனுக்கே திருப்பிக் கொடுத்தான். 'சோணாடு வழங்கியருளிய' என்பதையே தன் பட்டமாகவும் வைத்துக்கொண்டான்!

எனக்கு மிகவும் பிடித்த செய்தி திருவெள்ளறைக் கல்வெட்டில் இருக்கிறது. அத்தனையும் எரித்தவன் ஒரு பதினாறுகால் மண்டபத்தை மட்டும் விட்டுவைத்தானாம். காரணம், அது பட்டினப்பாலை பாடிய புலவருக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டது. அந்தப் பாட்டு பாண்டியனைப் பற்றியது அல்ல, கரிகால் சோழனைப் பற்றியது! எழுநூறு வருடப் பகையில் இந்த மண்டபத்தை எங்கே வைப்பது?

இன்னொன்று. 1231இல் மூன்றாம் ராஜராஜ சோழனைச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தவன் பாண்டியன்கூட இல்லை, காடவர் குலத்துக் கோப்பெருஞ்சிங்கன். மீட்டது போசள மன்னன் நரசிம்மனின் படை.

சரி, 1279க்குப் பிறகு மக்கள் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. அதே ஊரில் அதே வயலை உழுதார்கள். கோயில் கல்வெட்டில் ஆண்டு குறிக்கும் இடத்தில் சோழன் பெயருக்குப் பதில் பாண்டியன் பெயர் வந்தது. கப்பலேறிப் போக அரச வம்சத்துக்கு வேண்டுமானால் அவசியம் இருந்திருக்கலாம். விவசாயிக்கு ராஜா மாறினாலும் வரி மாறவில்லை.

"சினிமாவை சினிமாவாப் பாருடா" என்பீர்கள். பார்த்திருப்பேன். ஆனால் அன்று ராத்திரி எங்கள் அறையில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு நண்பர்கள் "நான் சோழன், நீ பாண்டியன்" என்று விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார்கள். அரை மணி நேரத்தில் பேச்சு ராஜராஜன் எந்த ஜாதி என்பதில் வந்து நின்றது. "நாங்க ஆண்ட பரம்பரை" என்றான் ஒருவன். "அப்ப நாங்க யாரு?" என்றான் மற்றவன். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. இருவரும் பேசிக்கொள்ள ஒரு வாரம் ஆனது.

அந்தச் சண்டையைப் படம் உண்டாக்கவில்லை, தெரியும். சுவரொட்டிகளில் ராஜாக்களின் படத்தைப் போட்டு ஜாதிச் சங்கங்கள் சொந்தம் கொண்டாடுவது ஏற்கனவே இருப்பதுதான். ஆனால் முன்னோரின் பகை நம் ரத்தத்தில் ஓடுகிறது என்ற அதே நம்பிக்கைக்கு இந்தப் படமும் பிரமாதமான பின்னணி இசை போட்டுக் கொடுக்கிறது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நம்மில் பெரும்பாலோருடைய முன்னோர் சோழனும் இல்லை, பாண்டியனும் இல்லை. இரண்டு பேருக்கும் வரி கட்டியவர்கள். அவர்களைப் பற்றி யாராவது படம் எடுத்தால் சொல்லுங்கள், முதல் காட்சிக்கு டிக்கெட் என் செலவு.