‘பழக்கமாகாது’ என்று சொல்லிப் பிறந்த மாத்திரை

வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் பாக்குத் தோப்புகளில் மரம் ஏறுகிறவர்களுக்கு இடுப்பும் தோளும் ஓயாமல் வலிக்கும். எலும்பு டாக்டர் சீட்டில் பல நேரம் பாராசிட்டமால் 325 மில்லிகிராமோடு சேர்ந்து இன்னொரு மருந்து 37.5 மில்லிகிராம் அளவில் வரும். அதுதான் டிராமடால். சில நாளைக்கு எழுதிய சீட்டை மாதங்கள் கழித்தும் நீட்டி, “அதே மாத்திரை ஒரு அட்டை குடுங்கண்ணா” என்று கேட்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அந்த மாத்திரை என்ன வாக்கோடு பிறந்தது என்பதை அவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

டிராமடாலை 1962-ல் உருவாக்கியவர் மேற்கு ஜெர்மனியின் குருனென்தால் கம்பெனியைச் சேர்ந்த குர்ட் ஃபிளிக். தாலிடோமைடு மாத்திரையால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் ஊனத்தோடு பிறந்து, அதைச் சந்தையிலிருந்து விலக்க நேர்ந்த கம்பெனியும் இதே குருனென்தால்தான். அது நடந்தது 1961-ல். டிராமடால் கடைக்கு வர 1977 ஆயிற்று. மார்ஃபின் வேலை செய்யும் இடத்தில்தான் இதுவும் வேலை செய்யும், ஆனால் சாது, பழக்கமாகாது என்றார்கள். 1898-ல் பேயர் கம்பெனி ஹெராயினை இருமல் மருந்தாக விற்றபோதும் இதே வாக்குதான் தரப்பட்டது.

வாக்கு பொய்த்தது எப்படி? அடிமையாக்குமா என்று தேடிய ஆரம்ப காலச் சோதனைகளில் மருந்தை ஊசியாகப் போட்டார்கள். பெரிய போதை எதுவும் தெரியவில்லை. வாய்வழியே விழுங்கினால் கதை வேறு. கல்லீரல் அதை வேறொரு பொருளாக மாற்றுகிறது. மார்ஃபின் பற்றும் இடத்தை அந்தப் பொருள் டிராமடாலைவிடப் பல மடங்கு இறுக்கமாகப் பற்றுகிறது. இந்த மாற்றம் சிலர் உடம்பில் மிக வேகமாக நடக்கும். அடுத்தவருக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை இவருக்கு மூச்சை அடக்கிவிடலாம். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்கா 2017-ல் சொன்னது இதனால்தான்.

உழைக்கிற உடம்புகளைத் தேடி இந்த மாத்திரை எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஆப்பிரிக்காவில் ஒரு சாட்சி இருக்கிறது. கேமரூனில் ஒரு மரத்தின் வேரில் டிராமடால் இயற்கையாகவே இருக்கிறது என்று 2013-ல் ஓர் ஆய்வுக்குழு அறிவித்தது. ஜெர்மனியின் டார்ட்முண்ட் ஆய்வாளர்கள் மறு ஆண்டே உண்மையைக் கண்டார்கள். அந்தப் பகுதி விவசாயிகள் வெயிலில் அசராமல் உழ வேண்டுமென்று டிராமடாலைத் தாங்களும் தின்று மாடுகளுக்கும் கொடுத்திருந்தார்கள். மருந்து மாட்டின் சிறுநீர் வழியே மண்ணில் இறங்கி, மண்ணிலிருந்து வேருக்கு ஏறியிருந்தது.

அமெரிக்காவில் 1995-ல் விற்பனைக்கு வந்த மருந்தை, 2014-ல்தான் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். அதே 2014-ல் இந்தியாவில் டிராமடாலும் அடங்கிய ஹெச்-1 பட்டியல் அமலுக்கு வந்தது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த எண்ணிக்கை எல்லாவற்றையும் மெடிக்கல்காரர் தனி நோட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அட்டையில் உள்ள சிவப்புக் கட்டம் அதற்கான அடையாளம். 2018-ல் போதைப்பொருள் சட்டத்துக்குள்ளும் டிராமடால் வந்தது. இதன் தம்பி டபென்டடாலும் குருனென்தாலில் பிறந்ததே. அதைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர்களைப் பற்றிய போலீஸ் செய்தி தமிழ்நாட்டில் அடிக்கடி வருகிறது.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. ஒரு மாத்திரையில் அடங்கிய வலிக்கு இப்போது மூன்று தேவைப்படுகிறதா? ஒரு வேளை தவறினால் கொட்டாவி, மூக்கில் நீர், புல்லரிப்பு, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை வருகிறதா? மாத்திரைக்கு உடம்பு பழகிவிட்டதன் அடையாளங்கள் இவை. அது தெரியாமல், காய்ச்சல் என்றோ பழைய வலி திரும்பிவிட்டது என்றோ நினைத்து இன்னொன்று போட்டுக்கொள்வார்கள். அளவு மீறினால் அடையாளம் வேறு. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், மூச்சு விட்டுவிட்டு வரும், கரகரவென்று குறட்டை கேட்கும், உதடும் நகமும் நீலம் பாயும், உலுக்கினாலும் விழிக்க மாட்டார். சாராயமோ தூக்க மாத்திரையோ சேர்ந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். “அசதி, தூங்கட்டும்” என்று கதவைச் சாத்தாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோரோ எலுமிச்சைச் சாறோ வாயில் ஊற்றாதீர்கள். டிராமடால் மிகுந்தால் வலிப்பும் வரும். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் வலிப்பு நிற்காது. அட்டையை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். மூச்சை மீட்கும் நலாக்சோன் என்ற முறிமருந்து உண்டு. டிராமடாலுக்கு அது முழுதாகக் கேட்காது என்பதால் எதை விழுங்கினார் என்று டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும்.

இதைப் படித்துவிட்டுப் புற்றுநோய் வலியில் துடிக்கும் அம்மாவின் மார்ஃபினை யாரும் நிறுத்திவிடக் கூடாது. அந்த மருந்து அவருக்குத் தேவை. அதை எளிதாகக் கிடைக்கச் செய்யத்தான் 2014-ல் போதைப்பொருள் சட்டத்தையே திருத்தினார்கள். டிராமடாலையும் மாதக்கணக்கில் தின்றவர் ஒரே நாளில் விட்டால் உடம்பு தாங்காது. அளவை டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். போலீஸ் பயத்தில் ஒளிந்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி: சிறு அளவு வழக்கில் சிக்கியவர் தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சையை முடித்தால், போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு அவரை வழக்கிலிருந்து காக்கும். 14446 என்ற இலவச எண்ணில் வழி கேட்கலாம்.