எந்தக் கம்பெனி? – தோல் தொழில் ஆய்வுகளும் வீட்டில் தைக்கும் பெண்களும்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் முடியும் சமயத்தில் பி.பி.ஏ., பி.காம். மாணவிகள் சிலர் தமிழ்த் துறைக்கு என்னைத் தேடி வருவார்கள். கையில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த வினாப்பட்டியல் இருக்கும். கடைசிப் பருவத்தில் அவர்கள் ஒரு புராஜெக்ட் செய்து தர வேண்டும். வேலூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் அது பெரும்பாலும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டையில் உள்ள ஏதாவது ஒரு டேனரியிலோ ஷூ கம்பெனியிலோதான் நடக்கும். தலைப்புகளும் ஏறக்குறைய ஒன்றுதான்: பணித் திருப்தி, பணி அழுத்தம், விடுப்பு எடுக்கும் போக்கு. கேள்வி புரிந்தால்தானே தொழிலாளி பதில் சொல்வார். ஆகவே தமிழாக்கம் என் வேலையாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு மாணவிக்கு அப்படித்தான் செய்துகொடுத்தேன். முதல் கேள்வி: ‘இந்நிறுவனத்தில் எத்தனை ஆண்டுகளாகப் பணிபுரிகிறீர்கள்?’ ஒரு வாரம் கழித்து அவள் திரும்ப வந்தாள். “மேடம், எங்கம்மாவும் ஷூ வேலைதான் செய்றாங்க. வீட்லயே தைக்கிறாங்க. சும்மா அவங்களுக்கும் ஒரு ஃபாரம் கொடுத்தேன். முதல் கேள்வியிலயே நின்னுட்டாங்க. எந்தக் கம்பெனின்னு எழுதறதுன்னு கேக்கறாங்க.” வெட்டிய தோலைக் கொண்டுவந்து போடும் ஏஜென்ட் கம்பெனியின் பெயரைச் சொல்வதில்லை. ஒரு மாதம் வரும் பீஸ் ஒரு கம்பெனியுடையது, அடுத்த மாதம் வருவது வேறொன்றுடையது. பல வருடமாகத் தைக்கிறவருக்கு அந்தக் கேள்விக்கு எழுத ஒன்றுமில்லை. கம்பெனிப் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் ஆய்வின் மாதிரி என்று சொல்லி, வழிகாட்டி அந்தத் தாளை எடுத்துவிட்டார். விதிப்படி அவர் சொன்னது சரிதான். அந்த விதி எங்கிருந்து வந்தது என்று நான் தேடத் தொடங்கியதும் அந்தத் தாளால்தான்.

மேலாண்மை ஆய்வின் கதையைச் சொல்லும் பாடநூல்கள் அமெரிக்காவின் சிகாகோவுக்குப் பக்கத்தில் இருந்த ஹாதார்ன் தொழிற்சாலையைத் தாண்டிப் போவதில்லை. தொலைபேசிக் கருவிகள் செய்த அந்த ஆலையில் 1927இல் சில பெண்களைத் தனி அறையில் உட்காரவைத்து, ஓய்வு நேரம், கூலி ஆகியவற்றை மாற்றிமாற்றி உற்பத்தியை அளந்தார்கள். தம்மைக் கவனிக்கிறார்கள் என்ற உணர்வே தொழிலாளியை நன்றாக வேலை செய்யவைக்கும் என்ற கருத்து அங்கிருந்துதான் உலகெங்கும் பரவியது. வகுப்பில் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. வேலைக்கு நடுவே பேசிக்கொண்டிருந்தார்கள், ஒத்துழைக்கவில்லை என்று சொல்லி அந்தப் பெண்களில் இருவரை 1928 ஜனவரியில் மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு அதே ஆலையில் ஆண்களை வைத்து நடந்த ஆய்வில், அவர்கள் வேண்டுமென்றே உற்பத்தியைக் கட்டுக்குள் வைத்திருந்தும் யாரையும் மாற்றவில்லை. இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டி ஜோன் ஆக்கர், டொனால்டு வான் ஹூட்டன் இருவரும் 1974இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆக, இந்தத் துறை பெண்களின் கைகளைப் பார்த்தே தொடங்கியிருக்கிறது. பேசியவர்களை வெளியே அனுப்பிவிட்டு மிச்சமிருந்தவர்களின் கைகளை அளந்தது.

நம் மாணவிகள் கொண்டுவரும் ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ முதல் ‘முற்றிலும் உடன்படவில்லை’ வரையிலான ஐந்து கட்டங்களும் அந்தக் காலத்தவைதான். அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லைக்கர்ட் 1932இல் உருவாக்கிய அளவுகோல் அது. ஆலை, ஆலைக்குள் தொழிலாளி, அவர் கையில் ஒரு தாள் என்ற அந்த அமைப்பு அப்படியே இங்கேயும் வந்து சேர்ந்தது. இந்தியாவில் அகமதாபாத்தின் காலிகோ ஆலையில் 1953இல் ஏ. கே. ரைஸ் தறிக்கூடத்தைக் குழுக்களாகப் பிரித்து ஆய்வு செய்தார். 1961இல் அதே ஊரில் இந்திய மேலாண்மைக் கழகம் வந்தது. 1972இல் அங்கேயே எலா பட் ‘சேவா’வைத் தொடங்கினார். வீட்டிலும் தெருவிலும் உழைக்கும் பெண்கள்தாம் அதன் உறுப்பினர்கள். ஒரே ஊரில் இரண்டு பள்ளிகள் என்று இவற்றைச் சொல்லலாம். நம் கல்லூரிப் பாடத்திட்டத்துக்கு வந்தது முதலாவது மட்டும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். பாலாற்றங்கரையில் தோல் பதனிடுதல் பழைய தொழில். ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளில் பதமாகிய தோல் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் சென்னைத் துறைமுகம் வழியாக வெளிநாடு போனது. முதலாளிகளில் பெரும்பாலோர் தமிழ் முஸ்லிம் வணிகர்கள். தொட்டியில் இறங்கியவர்களும் தோலைச் சுமந்தவர்களும் பெரும்பாலும் தலித் மக்கள். டேனரியில் பெண்களுக்கும் வேலை இருந்தது. பட்டை சுமப்பது, தோலை வெயிலில் விரிப்பது, உப்பு உதறுவது, தரை கழுவுவது எல்லாம் அவர்கள் செய்தவை. அவற்றுக்குத் தொழில் என்று பெயர் இல்லை, எடுபிடி என்றே பெயர்.

1970களின் தொடக்கத்தில் சீதாராமய்யா குழு ஒரு பரிந்துரை செய்தது. பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுதும் பதனிட்ட தோலையும் தோல் பொருட்களையும் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்றது. 1973 முதல் அரசு அந்த வழியில் சென்றது. ஆவாரம்பட்டையின் இடத்தில் குரோமியம் வந்தது. தோலோடு நின்றிருந்த ஊர்கள் அப்பர் என்று சொல்லும் ஷூவின் மேல்பாகத்தையும், பிறகு முழு ஷூவையும் செய்யத் தொடங்கின. ஷூ கம்பெனிகளின் தையல் பிரிவுகளில் பெண்கள் நிரம்பினார்கள். விடியற்காலையில் கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ் இந்த மாவட்டத்துச் சாலைகளில் அன்றாடக் காட்சியானது.

இந்த வளர்ச்சிக்கு இன்னொரு பக்கம் உண்டு. அதை நாடறியச் செய்தது ஒரு வழக்கு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது அதன் வழியாகத்தான். ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். அந்தத் தீர்ப்பில் பெண்கள் வரும் இடம் ஒன்று என் நினைவில் நிற்கிறது. திண்டுக்கல் பக்கத்துக் கிணறுகள் கெட்டதால் பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்காக மைல் கணக்கில் நடக்கிறார்கள் என்கிறது அது. தண்ணீர் சுமப்பவளாக அவள் சட்டத்தின் கண்ணில் பட்டுவிட்டாள். 2025 ஜனவரி 30 அன்றும் பாலாறு குறித்து உச்ச நீதிமன்றம் பேசியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் அதை வசூலிக்க வேண்டும் என்றது. ஆற்றுக்கு இப்படி முப்பதாண்டுச் சட்ட வரலாறு இருக்கிறது.

அதே 1996இல், அந்தத் தீர்ப்புக்கு ஏறக்குறையப் பத்து வாரம் முன்பு, ஜூன் 20 அன்று ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுவழி வேலை குறித்த 177ஆம் உடன்படிக்கையை ஏற்றது. வீட்டில் இருந்து பிறருக்காக உற்பத்தி செய்பவரும் தொழிலாளியே, மற்றத் தொழிலாளர்களோடு சமமாக நடத்தப்பட வேண்டியவரே என்பது அதன் சாரம். அதைக் கொண்டுவர உழைத்தவர்களில் ‘சேவா’ பெண்கள் முக்கியமானவர்கள். இந்தியா அதற்கு இன்னும் ஒப்புதல் தரவில்லை. ஆகஸ்ட் தீர்ப்பு எங்கள் பகுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஜூன் உடன்படிக்கையைப் பற்றி ஆம்பூரில் ஷூ தைக்கும் பெண் யாரும் என்னிடம் சொன்னதில்லை. நான்தான் அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆய்வுலகிலும் இப்படி ஓர் இரட்டை உண்டு. 1999இல் இந்தத் தொழில் பற்றி இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று லொரேன் கென்னடி ‘வேர்ல்ட் டெவலப்மென்ட்’ இதழில் எழுதியது. ஒரே தொழில் செய்யும் சிறு நிறுவனங்கள் ஒரே பகுதியில் நெருங்கியிருந்தால் கூட்டாகச் சாதிக்கும் என்பது ஆல்பிரட் மார்ஷல் 1890இலேயே பேசிய கருத்து. பிரேசிலின் சினோஸ் பள்ளத்தாக்கு ஷூ ஊர்களைப் படித்த ஹூபர்ட் ஷ்மிட்ஸ் போன்றவர்கள் அதை வளரும் நாடுகளுக்குக் கொண்டுவந்தார்கள். நீதிமன்ற நெருக்கடியில் பாலாற்றுப் பள்ளத்தாக்கின் டேனரிக்காரர்கள் எப்படி ஒன்றுகூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டிப் பிழைத்தார்கள் என்பதைக் கென்னடி ஆராய்ந்தார். முக்கியமான கட்டுரை அது. முதலாளிகளுக்கு இடையே இருந்த சமூக உறவும் நம்பிக்கையும் அந்தக் கூட்டுறவுக்கு எப்படித் துணைநின்றன என்பது அதைப் படித்தால் விளங்கும்.

இன்னொன்று மில்லி நிஹிலா ‘எக்கனாமிக் அண்டு பொலிட்டிகல் வீக்லி’யில் எழுதியது. தமிழ்நாட்டுத் தோல் பதனிடும் தொழிலில் பெண்கள் விளிம்புக்குத் தள்ளப்படுவதே அதன் பொருள். முதல் கட்டுரை நிறுவனங்கள் எப்படிப் பிழைத்தன என்று கேட்டது. இரண்டாவது, அந்தப் பிழைப்பின் காலத்தில் பெண் எங்கே போனாள் என்று கேட்டது. இரண்டும் தேவையான கேள்விகள். ஆனால் மேலாண்மை வகுப்பில் ‘தொழில் கொத்து’ என்ற பாடமாக நுழைந்தது முதல் கேள்வி. எண்ணும் அலகு நிறுவனமாக இருக்கும்வரை, நிறுவனத்தின் சுவருக்கு வெளியே தைக்கிறவள் அந்தக் கணக்கில் வரமாட்டாள். கொத்துக்குள் சுற்றும் நம்பிக்கையில் அவளுக்குப் பங்கு உண்டா என்றும் யாரும் கேட்கமாட்டார்கள்.

சுவருக்கு வெளியே நடப்பது சில்லறை வேலை என்று நினைத்துவிட வேண்டாம். முன்பாகத் தோலைச் சிறுசிறு மடிப்பாகச் சுருக்கித் தைக்கும் மொக்காசின் வகை ஷூவுக்குக் கைத்தையல்தான் விலை சேர்க்கிறது. அந்தத் தையல் தலித் குடியிருப்பின் வாசலிலும் முஸ்லிம் தெருவின் உள்கூடத்திலும் நடக்கிறது. கம்பெனி பஸ் ஏற வீட்டில் அனுமதி கிடைக்காதவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள், முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு கம்பெனி வேலையை விட்டவர்கள் தைக்கிறார்கள். மெழுகு நூல் விரலை அறுக்கும். குனிந்தே இருப்பதால் கழுத்தும் இடுப்பும் போகும். கூலி ஜோடிக் கணக்கு. 2016இல் ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்டுவைடு, லேபர் பிஹைண்ட் த லேபிள், சிவிடெப் ஆகிய அமைப்புகள் இந்தப் பெண்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. பிரிட்டனில் 40 முதல் 100 பவுண்டு வரை விலைபோகும் ஷூவுக்கு, தைத்தவளுக்குக் கிடைப்பது ஜோடிக்கு 10 பென்ஸுக்கும் குறைவு என்றது அது. நூறு பென்ஸ் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. இந்தப் பெண்களைத் தேடி வந்தவர்கள் தொழிலாளர் உரிமைக்காரர்கள், மேலாண்மை ஆய்வாளர்கள் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வீட்டில் வேலை செய்பவளைத் தொழிலாளியாகக் கணக்கெடுக்க முடியாது, அவளுக்கு முதலாளி யார் என்று தெரியாதே என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு எங்கள் மாவட்டமே பதில். வேலூரிலும் குடியாத்தத்திலும் பீடி சுற்றுவது பெண்கள் வீட்டில் செய்யும் வேலை. இலையும் தூளும் ஏஜென்ட் தருகிறார், ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஷூ தைப்பதற்கும் இதற்கும் அமைப்பில் வேறுபாடு இல்லை. ஆனால் தொழிற்சங்கங்களின் நெடிய போராட்டத்தால் வந்த 1966ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், மூலப்பொருளை வாங்கி வீட்டில் சுற்றுகிறவளையும் தொழிலாளி என்றே வரையறுத்தது. ஏஜென்ட்டுக்குப் பின்னால் இருக்கும் முதலாளியையும் அது பொறுப்பாக்கியது. பீடி முதலாளிகள் எதிர்த்து வழக்காடினார்கள். 1974இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. அதனால்தான் பீடி சுற்றும் அம்மாவிடம் ஓர் அடையாள அட்டை இருக்கும். பக்கத்து வீட்டில் ஷூ தைக்கும் அம்மாவிடம் இருக்காது. தோல் தொழிலாளருக்கும் தமிழ்நாட்டில் ஒரு நல வாரியம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் கதவைத் தட்ட, தான் தோல் தொழிலாளி என்று அவள் முதலில் காட்ட வேண்டும். எதைக் காட்டுவாள்? ஆய்விலும் இல்லை, சம்பளப் பதிவேட்டிலும் இல்லை.

சங்கப் பாடல்களில் பஞ்சு நூற்கும் பெண் உவமையாக வருகிறாள். இலக்கியம் பயின்ற எனக்கு அவளை வகுப்பில் விளக்கிச் சொல்வது எளிது. உவமையில் இருப்பவளைக் கணக்கில் சேர்ப்பதுதான் கடினம் என்று அந்த மாணவியோடு அவள் வீட்டுக்குப் போனபோது தெரிந்தது.

வினாப்பட்டியலை நாங்கள் இருவரும் திருத்தியிருந்தோம். முதல் கேள்வியை ‘இந்த வேலையை எத்தனை வருஷமாகச் செய்கிறீர்கள்?’ என்று மாற்றினோம். ஐந்து கட்டங்களை எடுத்துவிட்டோம். நூலுக்கும் ஊசிக்கும் யார் காசு? தையல் சரியில்லை என்று திரும்பி வந்ததைப் பிரித்துத் தைத்தால் கூலி உண்டா? வேலை இல்லாத மாதம் எது? தைக்கும்போது குழந்தையை யார் பார்க்கிறார்கள்? இவற்றைச் சேர்த்தோம். அந்த அம்மா இந்த முறை நிற்கவில்லை. “இவ வயித்துல இருக்கும்போது ஆரம்பிச்சது டீச்சர்” என்று மகளைக் காட்டினார். பிறகு சமையலறை அலமாரியிலிருந்து ஒரு பழைய பள்ளி நோட்டை எடுத்துவந்தார். தேதி, வாங்கிய ஜோடி, கொடுத்த ஜோடி, திரும்பி வந்தது, வந்த பணம் என்று பென்சிலில் கோடு போட்டு எழுதிவைத்திருந்தார். ஏஜென்ட் கணக்கில் ஏமாற்றிவிடக் கூடாதே என்று எழுதத் தொடங்கினாராம். ஒரு நிறுவனம் வைத்திருக்க வேண்டிய பதிவேட்டை அவர் வைத்திருந்தார்.

அந்த நோட்டு புராஜெக்டில் இடம்பெறவில்லை. மாணவி பட்டியலில் இருந்தவர்களை வைத்தே முடித்து மதிப்பெண் வாங்கினாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இதைப் படிக்கும் மாணவிகளிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் புராஜெக்டுக்காகக் கம்பெனியின் மனிதவளப் பிரிவில் அனுமதிக் கடிதம் கேட்டு நிற்கும் முன், உங்கள் தெருவில் இப்படி எத்தனை நோட்டுகள் இருக்கின்றன என்று பாருங்கள். இருந்தால் தேதியோடு நகல் எடுத்துவையுங்கள். இல்லாத வீட்டில் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு வாரியத்திலோ நீதிமன்றத்திலோ எந்தக் கம்பெனி என்று யாராவது கேட்டால், வேலை நடந்தது என்பதற்காவது அது சாட்சி சொல்லும்.