ஒரு துளி ரத்தம்

அமெரிக்க இசை நாடகம் என்றால் வரிசையாக நின்று காலைத் தூக்கி ஆடும் அழகிகள்தான் பலருக்கும் ஞாபகம் வரும். அதில் பிசகில்லை. 1907 முதல் ஃப்ளாரன்ஸ் ஸீக்ஃபெல்ட் நியூயார்க்கில் நடத்திவந்த 'ஃபாலீஸ்' அந்த ரகந்தான். ஆட்டம், பாட்டு, ஹாஸ்யம். கதை என்ற தொந்தரவே கிடையாது. அதற்கும் முன்னால், 1840-களிலேயே, வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்து ஆடிப் பாடிப் பணம் சேர்த்தார்கள்.

அதே ஸீக்ஃபெல்ட்தான் 1927 டிசம்பர் 27-ஆம் தேதி 'ஷோ போட்' நாடகத்தை மேடையேற்றினார் என்பது வேடிக்கை. மூலக்கதை, எட்னா ஃபெர்பர் என்ற அம்மையார் 1926-இல் வெளியிட்ட நாவல். ஆற்றில் மிதக்கும் நாடகக் கொட்டகை எப்படி இருக்கும் என்று அறிய, வட கரோலினாவில் அத்தகைய படகு ஒன்றிலேயே சில நாள் தங்கிப் பார்த்தவர் அவர். (நம்மில் எத்தனை எழுத்தாளர்கள் இப்படிச் சிரமப்படுகிறோம் என்று கேட்காதீர்கள்!) நாவலைப் பாட்டும் கூத்துமாக்கப் போகிறார்கள் என்றதும் அம்மையார் தயங்கினார். ஜெரோம் கெர்ன் இசையமைத்தார். வசனமும் பாட்டும் ஆஸ்கார் ஹாமர்ஸ்டைன்.

நாடகத்தின் உயிர் ஒரே கட்டத்தில் இருக்கிறது. மிஸிஸிப்பி நதிக் கரையில் படகு நிற்கிறது. கதாநாயகியாக நடிக்கும் ஜூலியின் உடம்பில் கறுப்பு ரத்தம் கலந்திருக்கிறது, அவள் புருஷனோ வெள்ளைக்காரன் என்று எவனோ கோள் சொல்லிவிடுகிறான். அந்த ராஜ்யத்தில் அப்படிப்பட்ட கல்யாணம் குற்றம். ஷெரீப் வருவதற்குள் புருஷன் கத்தியை எடுத்து அவள் விரலைக் கீறி, கசிந்த ரத்தத்தை வாயில் வைத்து உறிஞ்சுகிறான். பிறகு, "என் உடம்பிலும் கறுப்பு ரத்தம் உண்டு" என்று சத்தியமே செய்கிறான். ஒரு துளி இருந்தாலும் கறுப்பர்தான் என்ற நியாயத்தை அவர்கள் முகத்திலேயே திருப்பி அடிக்கிறான்! கைது தப்பியது, ஆனால் கறுப்பர் வெள்ளையரோடு சேர்ந்து நடிக்கக் கூடாதே! இருவரும் படகைவிட்டு இறங்க வேண்டியதாயிற்று.

இந்தக் கட்டத்தை எழுதியவர்களும் காலத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்தாம். அந்த முதல் மேடையேற்றத்தில், கறுப்புச் சமையற்காரி க்வீனியாக நடித்தவள் டெஸ் கார்டெல்லா என்ற இத்தாலிய வம்சத்து வெள்ளைக்காரி. முகத்தில் அதே பழைய கரி. கறுப்பரை இழிவாகச் சொல்லும் வார்த்தை பாட்டிலேயே இருந்தது. பின்னால் வந்தவர்கள் அதை மாற்றிப் பாடினார்கள். அப்படியும் 572 தடவை நடந்த நாடகம் அது.

அந்தக் கல்யாணச் சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1967-இல். செத்துப்போன அந்த விதியை மிஸிஸிப்பி ஜனங்கள் வாக்களித்துத் தங்கள் அரசியல் சட்டத்திலிருந்து நீக்கியது 1987-இல். நாடகத்தில் ஷெரீப் படகேறிய வருஷம் 1887.